படகின் மேல் ஒரு நாலு

கம்பெனி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நிவேதா என்ற பெண் எங்கள் மீனவக் குப்பத்துக்கு வந்தாள். நான் வேலை பார்த்த டிசைன் பிரிவில் இப்போது இருக்கிறவள். "குழந்தைங்க சட்டைக்கு அப்பல்லாம் ஊர் ஊரா போய்ப் படம் தேடுவீங்களாமேம்மா, அத எழுதுங்க" என்றாள். "நீங்க சொன்னா போதும், நானே எழுதிக்கறேன்" என்றும் சொன்னாள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், என் எழுத்து நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கும். இருந்தாலும் என் பெயர் போட்டு வருவதை இன்னொருத்தி எழுதக்கூடாது.

பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். வரியை எடுக்கக்கூடாது. எடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் இன்னொரு தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

நிவேதா கையோடு ஒரு பொட்டலமும் கொண்டுவந்தாள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முன்னால் நடந்தது தெரிந்தால்தான் அது புரியும்.

என் பெயர் தேசம்மா. கட்டியவனோடு வாழ்க்கை நிலைக்கவில்லை. அண்ணன் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க மனமில்லாமல் மீஞ்சூரில் குழந்தைகளுக்கு உடை தைக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். பிசிறு நூல் வெட்டினேன், செக்கிங் பார்த்தேன், பிறகு பிரிண்டிங் மேசைக்குப் போனேன். எல்லாரும் செய்கிற வேலைதான், அதை நீட்ட வேண்டாம். மேசையில் வெட்டிய துணியை ஒட்டி, அதன் மேல் ஸ்கிரீனை இறக்கி, சாயத்தை ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் யானைக்கு இரண்டு தும்பிக்கை வந்துவிடும். என் கை தயங்காது. அப்படித்தான் சுலோசனா மேடம் கண்ணில் பட்டேன்.

மேடம் டிசைன் பிரிவுக்குத் தலைவி. ஒல்லியாக, உயரமாக, வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு இருப்பார். நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். படம் பிடித்திருந்தால் கிராம்பை நறுக்கென்று கடிப்பார். பிடிக்காவிட்டால் கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு நகரும். மேலே வேலை செய்கிற படித்த பிள்ளைகள் படத்தைக் காட்டிவிட்டு அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"புஸ்தகத்துல தேடாதீங்க. அதை எல்லாக் கம்பெனியும் பார்த்திருக்கும். தெருவுல பாருங்க" என்பார். அதற்கு அவரிடம் ஒரு சாமான் இருந்தது. பழைய காலண்டர் அட்டை. அதன் நடுவே இரண்டு வயதுக் குழந்தையின் மார்பு அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி எடுத்திருப்பார். எங்கே போனாலும் அந்த ஓட்டையை எதன் மேலாவது வைத்துப் பார்ப்பார். டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டிய பூ, பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசிய மாடு, பால்வாடிச் சுவரில் வரைந்த முயல், திருவிழாவில் பலூன் சுடுகிற தட்டி, வாசல் கோலம். கோலம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போவார். ஓட்டைக்குள் அடங்குவது சட்டைக்கு ஆகும். அடங்காதது எவ்வளவு அழகானாலும் ஆகாது.

வேலைக்கு ஒரு முறை உண்டு. மேடம் முன்னால் போவார். ஓட்டைக்குள் படம் அடங்கினால் கைப்பையிலிருந்து தையல்காரர் சாக்பீஸை எடுத்து, படத்துக்குக் கீழே ஓரமாக ஒரு எண் எழுதுவார். இரண்டு என்றால் இரண்டு வயதுக்கு ஆகும், நாலு என்றால் நாலு வயதுக்கு. பின்னால் வருகிற போட்டோக்காரர் அந்த எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பார். அப்போதுதான் ஆபீசில் எது எந்த அளவுக்கு என்று குழம்பாது. கடைசியில் நான் ஈரத் துணியோடு போய் எண்ணைத் துடைப்பேன். யார் வீட்டுச் சுவரிலும் எங்கள் தடம் இருக்கக்கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. மேடம் எழுதுகிற நாலுக்குக் கீழே தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு இருக்கும். வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

துடைக்கப் போனவள் மெல்லக் கேள்வி கேட்கிறவளும் ஆனேன். எங்கள் கரையில் மிதவையோ கயிறோ ஒதுங்கிக் கிடந்தால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். குச்சி நட்டு அதில் மாட்டிவிட்டு, யாருது என்று கேட்டுக்கொண்டே போவோம். அந்தப் பழக்கம் எனக்குப் படத்திலும் வந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும், "இது யாருது மேடம்?" என்பேன். மேலே இருந்த பிள்ளைகள் எனக்கு 'சந்தேகம் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

சில சமயம் என் சந்தேகம் வீண். ஒரு தடவை பிஸ்கட் டப்பாவில் இருந்த புள்ளிகளைப் பார்த்து, "இத யாரோ வரைஞ்சிருப்பாங்க, கேக்காம எடுக்கக்கூடாது" என்று அடம்பிடித்தேன். மேடம் பொறுமையாக, "தேசம்மா, புள்ளிக்குச் சொந்தக்காரன் கிடையாது. உன் முகத்துலகூட ரெண்டு இருக்கு" என்றார். மொத்த அறையும் சிரித்தது. வேறு சில சமயம் வீண் போகவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று ஒரு பையன் படம் வரைந்தான். எந்தக் குழந்தையும் வரைகிற படம்தான். ஆனால் அது தேர்தல் நேரம். "கொயந்தைய வச்சு ஓட்டு கேக்கப் போறீங்களா?" என்றேன். மேடம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சூரியன் போய் அந்த இடத்தில் பட்டம் வந்தது.

லாரிப் படங்களுக்கு எளாவூர் செக்போஸ்ட்டைவிட நல்ல இடம் கிடையாது. ஆந்திராவிலிருந்து வருகிற லாரியெல்லாம் வரிசையில் நிற்கும். பின்பக்கக் கதவில் மயில், பசுவும் கன்றும், கண்ணீர் விடுகிற பெண், கிளி. மேடம் அட்டையைத் தூக்கிப் பிடித்தால் போதும், டிரைவர்கள் இறங்கி ஓடி வருவார்கள்.

"ஏம்மா, எந்த டிபார்ட்மெண்டு?" என்றார் ஒரு டிரைவர்.

"டிபார்ட்மெண்டு இல்லப்பா. கொயந்த துணி கம்பெனி" என்றேன்.

"கொயந்த துணி கம்பெனிக்கு என் வண்டியாண்ட இன்னா வேல? அந்த அட்டைல இன்னா மிஷினு வச்சிருக்கீங்க?"

"ஓட்டைதான் இருக்கு. நீயே பாரு."

அவர் வாங்கி ஓட்டை வழியாக மேடத்தைப் பார்த்தார். வாட்ச் பட்டைக்குள் மேடம் செருகியிருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்தார். அதிகாரி பஸ்ஸில் வர மாட்டார் என்று தோன்றியதோ என்னவோ, குரல் கொஞ்சம் தணிந்தது. அந்த லாரியில் இருந்த கிளிக்கு மூக்கு மிகப் பெரிது. யாருது என்று கேட்டேன். "எம் பொண்ணு போட்டது. பெயிண்டர் அதப் பார்த்து வரைஞ்சான்" என்றார். மேடம் கிராம்பைக் கடித்தார். அந்தக் கிளி சட்டையாக வந்தபோது முதல் சட்டை நாயுடுபேட்டைக்குப் போனது, அந்தப் பெண்ணுக்கு. எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. கேட்டு எடுத்தோம், எடுத்ததைச் சட்டையாகத் திருப்பிக் கொடுத்தோம்.

இனி எங்கள் குப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்ப் படகுகளைப் பற்றி மேடத்திடம் நான் வாயே திறந்ததில்லை. திறந்தால் போகலாம் என்பார். முதலாளி அடுத்த சீசனுக்குக் கடல் வேண்டும் என்று சொன்னபோதுதான் மேடம் கேட்டார்.

"உங்க ஊர்ல படகு இருக்குதானே?"

"இருக்கு."

"அதுல படம்?"

"இருக்கு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

கிராம்பு கன்னம் மாறியது. மறுவாரம் கிளம்பினோம்.

வழக்கமான போட்டோக்காரர் அன்றைக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக ரமணன் என்று ஒருவரை ஆபீசிலிருந்து அனுப்பினார்கள். வண்டியில் ஏறியதிலிருந்து அவர் என் ஊரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். எத்தனை வீடு, தார் ரோடு எதுவரை, மழைக்கு ஏரித்தண்ணீர் எங்கே வரை ஏறும். "சட்டைக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். "சும்மா பேச்சுக்குத்தாம்மா" என்றார். பேச்சுக்குக் கேட்கிறவர் பதிலை இவ்வளவு கவனமாகக் கேட்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், அது வந்தால் நம் கரை என்ன ஆகுமோ என்று ஊரெல்லாம் பேச்சு. கேமராவோடு யார் வந்தாலும் குப்பம் ஒரு கண் வைத்தது. எங்கள் பக்கம் ரோடு போட வந்தபோது மரங்களுக்கு முதலில் நம்பர் போட்டார்கள். நம்பர் போட்ட மரம் எதுவும் இப்போது இல்லை.

படகுகள் ஏரிக்கரையில் வரிசையாக இழுத்துப் போட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் படம் வரைந்தவர் பெயிண்டர் தாஸ். எங்கள் படகில் மீன் வரைந்தால் அதன் தலை அணியத்தைப் பார்த்துத்தான் இருக்கும். படகின் முன்பக்கத்தைத்தான் அணியம் என்போம். இந்தப் பக்கம் வரைந்தாலும் அந்தப் பக்கம் வரைந்தாலும் அப்படித்தான். படகு போகிற திசையில் மீனும் போக வேண்டும். பின்னால் பார்க்கிற மீனை வரைந்தால் எந்த வீட்டுக்காரனும் அந்தப் படகைத் தண்ணீரில் இறக்க மாட்டான்.

என் அண்ணன் ஏழுமலையின் படகு நீல நிறம். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொடுவா மீன். அண்ணி கன்னியம்மா ஆசைப்பட்டாள் என்று தாஸ் அந்த மீனுக்குக் கண்ணிமை முடி வரைந்திருந்தார். வேறு எந்தப் படகு மீனுக்கும் இமை கிடையாது. மேடம் அதன் மேல் அட்டையை வைத்தார். நறுக். அந்தச் சத்தம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாக்பீஸால் கீழே நாலு எழுதிவிட்டு அடுத்த படகுக்குப் போனார். ரமணன் போட்டோ எடுத்தார்.

நான் துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போகும்போது அண்ணி வந்து கையைப் பிடித்தாள். "வூடு வரைக்கும் வந்துட்டு சாப்டாம போவியா? நண்டு கொயம்பு. ரெண்டு வாய் வச்சிட்டுப் போ." உட்கார்ந்தேன். துணி மடியில் இருந்தது. நண்டை உடைத்துச் சாப்பிட நேரம் பிடிக்கும். அதற்குள் கரை முழுக்க எண்கள் நின்றுவிட்டன.

சத்தம் கேட்டு ஓடினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் மேடத்தைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னா நம்பரும்மா இது?"

"அளவு."

"இன்னாத்துக்கு அளவு?"

"நாலு வயசுக்கு."

"படகு வாங்கியே ஏழு வருஷம் ஆவுது! நாலு வயசாம்! யார்கிட்ட டபாய்க்கிற?"

"அந்தப் படகுல ஆறு, இதுல எட்டு! எது எது எடுக்கணும்னு குறிச்சுக்கினு போறாங்கடா!"

அண்ணி என் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தாள். தன் படகில் இருந்த நாலை அழுத்தித் துடைத்தாள். துடைத்தது போதாமல் முந்தானையாலும் தேய்த்தாள். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா கூட்டிக்கினு வந்த?" என்று கேட்டாள். நண்டு கொடுத்த கை இன்னும் கழுவவில்லை.

எங்களைக் கங்கையம்மன் கோயில் முன்னால் உட்கார வைத்தார்கள். ஊர்த் தலைவர் செங்கேணி மாமா வந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. துண்டை உதறி விரித்து உட்கார்ந்து, எல்லாரும் கத்தி ஓயும் வரை காத்திருந்து, கடைசியில் பேசுவார்.

"தேசம்மா, இந்த ஏரி உனக்குச் சோறு போட்டுச்சா இல்லியா?"

"போட்டுச்சு மாமா."

"அப்ப நீ சொல்லு. இவங்க யாரு?"

சொன்னேன். சட்டை, படம், அளவு எல்லாம் சொன்னேன். அந்த இடத்தில் எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. ஏரியையே பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம், இரண்டு வயதுக் குழந்தையின் சட்டைக்காகக் கார் வைத்துக்கொண்டு வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்?

மேடம் அட்டையை எடுத்து, ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தையின் மார்பில் வைத்துக் காட்டினார். குழந்தை அதைப் பிடித்துக் கடித்தது. சிலர் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தி, "அந்த ஓட்டைல இன்னாமா தெரியுது? எங்க ஊரே தெரியுதா?" என்றாள். சிரிப்பு நின்றது. செங்கேணி மாமா அட்டையை வாங்கி, ஓட்டை வழியாக மேடத்தைப் பார்த்தார். ரமணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளான்னிக்குப் பாடு சீட்டு எடுக்கறோம். ஏழுமலை பேரு சேக்கறதா வேணாமானு ஊரு யோசிக்கணும்" என்றார்.

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த முறையில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்பதுதான் பாடு. அதில் பெயர் இல்லாதவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார வேண்டியதுதான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார். என்னால் அண்ணன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்தேன். "ரமணன் சார், கேமராவக் காட்டுங்க."

"அது ஆபீஸ் கேமராம்மா. வெளியாளுக்குக் காட்டக்கூடாது."

"இங்க வெளியாளு நீங்க. காட்டுங்க."

அவர் மேடத்தைப் பார்த்தார். "காட்டுங்க" என்றார் மேடம்.

சின்னத் திரையில் ஒவ்வொன்றாக வந்தது. படகு, மீன், நங்கூரம், தாமரை. பிறகு ஊருக்குள் வருகிற ரோடு. அதன் மதகு. வரிசையாக வீடுகள். ஏரித்தண்ணீர் ஏறி நிற்கிற பள்ளம். கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரப் பக்கம் தூரத்திலிருந்து எடுத்தது. அதிலேயே நாலைந்து இருந்தன.

"இது இன்னா சார்? இந்த ரோட்ட எந்தக் கொயந்த போட்டுக்கும்?" என்றேன்.

"பேக்ரவுண்டும்மா. படத்துக்குப் பின்னாடி வைக்க."

மேடம் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கிராம்பு அசையவே இல்லை. அவருக்கும் இது புதிது என்று நான் அன்று எடுத்துக்கொண்டேன். "எல்லாத்தையும் அழிங்க ரமணன்" என்றார்.

"மேடம், படகு போட்டோவையுமா? சீசனுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எல்லாத்தையும்."

செங்கேணி மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் திரை கறுப்பானது. "வேற எதுலயாவது இருக்கா சார்?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அம்மன் முன்னாடி சொல்லுங்க" என்றேன். "எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

"மேடத்தோட வார்த்தைய மேடம் பார்த்துப்பாங்க. எங்களுக்கு எங்க ஊர்ப் பொண்ணு வார்த்த வேணும்" என்றார் மாமா.

கற்பூரம் ஏற்றினார்கள். இந்த ஊர்ப் படம் ஒன்றுகூட இந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தேன். மேசையில் தயங்காத கை, அங்கேயும் தயங்கவில்லை. அண்ணன் பெயர் பாடு சீட்டில் ஏறியது.

நாங்கள் கிளம்பும்போது பெயிண்டர் தாஸ் பின்னாலேயே வந்தார். சிமெண்ட் பையின் உட்பக்கத் தாளில் படகு பெயிண்டால் வரைந்த ஒரு படம் கையில் இருந்தது. இன்னும் ஈரம். "வெறுங்கையோட ஏன் போறீங்க? இத எடுத்துக்கங்க. நான் குடுக்கறேன், ஊருக்குத் தெரிஞ்சே குடுக்கறேன்" என்றார். பச்சைப் படகு, மஞ்சள் மீன். மீனின் தலை பின்பக்கம் பார்த்திருந்தது. கூட நின்ற ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. அண்ணி மட்டும் இருமினாள்.

தாஸ் என்ன செய்தார் என்று எனக்குப் புரிந்தது. அப்படி ஒரு படகு எந்தக் கரையிலும் இல்லை. அதைப் பார்த்து இது இன்னார் படகு, இன்ன ஊர் என்று யாரும் காட்ட முடியாது. யாருது என்ற என் கேள்விக்கு, யாருதும் இல்லை என்று ஒரு படம் வரைந்து கொடுத்துவிட்டார்.

ஆபீசில் மேடம் அந்தத் தாளைத் தரையில் விரித்து அட்டையை மேலே வைத்தார். வெகுநேரம் பார்த்தார். அன்று கரையில் எத்தனை படகுக்கு எண் போட்டார், அவருக்கு மீனின் திசை தெரியாமலா இருக்கும்?

"தேசம்மா, மீன் ஏன் பின்னாடி பாக்குது?"

"கரையப் பாக்குது மேடம். கொயந்த சட்டதானே, வூட்டுக்கு வரட்டும்."

கிராம்பு நறுக்கென்றது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒரு கோட்டையும் மாற்றவில்லை. அந்தச் சட்டை நன்றாகப் போனது. பொங்கலுக்கு எங்கள் குப்பத்திலேயே ஒரு குழந்தைக்கு யாரோ வாங்கிப் போட்டிருந்தார்கள். கரையில் நின்றவர்கள் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். "எந்த ஊரு படகுடா இது, பின்னாலயே போவுது!"

ரமணன் அதன் பிறகு கம்பெனியில் அதிக நாள் இல்லை. எங்கே போனார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. மேடம் ஓய்வு பெற்று, போன வருஷம் காலமானார். நானும் ஓய்வு பெற்று குப்பத்துக்கே வந்துவிட்டேன். அண்ணனின் நீலப் படகு ஒரு புயலில் உடைந்தது. பலகையும் மிச்சமில்லை. இப்போது இருப்பது வெள்ளைப் படகு, அதில் மீனே கிடையாது.

இனி நிவேதாவின் பொட்டலத்துக்கு வருகிறேன்.

"இப்ப நாங்க எங்கயும் போறதில்லம்மா. கம்ப்யூட்டர்ல மீன் படகு, குழந்தைக்குனு எழுதினா போதும், அதுவே படம் போட்டுக் குடுக்குது. உங்களுக்குப் பிடிக்கும்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்" என்று பிரித்துக் காட்டினாள்.

பழக்கம் விடவில்லை. முதலில் துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன், சாயம் வெடிக்கவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. குழந்தை சட்டையை வாயில் வைக்கும், அதனால் அப்படித்தான் பார்ப்போம். பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

நீலப் படகு. ஆரஞ்சுக் கொடுவா. தலை அணியத்தைப் பார்த்திருக்கிறது. கண்ணுக்கு இமை. மீனுக்குக் கீழே, ஓரமாக, வெள்ளையில் ஒரு நாலு. அதன் கால் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கிறது.

"இந்த நாலு எதுக்கு?" என்றேன்.

"அது தானா போட்டுச்சும்மா. பந்தயப் படகு மாதிரி அழகா இருக்குனு அப்படியே விட்டுட்டோம்."

"கம்ப்யூட்டருக்கு இதக் காட்டுனது யாரு?"

"யாரும் காட்டலம்மா. ஆபீஸ்ல இருந்த பழைய போட்டோவெல்லாம் மொத்தமா உள்ள போட்டிருக்கோம். அதப் பார்த்து அதுவே கத்துக்குது."

"அந்தப் பழைய போட்டோவுல ரோடு இருக்கா? மதகு இருக்கா?"

"தெரியலம்மா. ஆயிரக்கணக்குல இருக்கு. ஏன்?"

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. சட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மீனின் இமையை விரலால் தடவினாள், சிரிப்பு வந்தது. விரல் கீழே இறங்கி நாலின் மேல் நின்றது. முந்தானையை எடுத்து அதைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தேசம்மா, இத நான் அன்னிக்கே தொடச்சிட்டனே" என்றாள்.

நிவேதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேடத்தின் மேல் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அந்தப் போட்டோ அவர் கையில் இருந்திருந்தால், அதை விட்டுவிட்டுப் பின்னால் பார்க்கிற மீனைச் சட்டையில் போட்டிருக்க மாட்டார். அந்த அளவுக்கு அவரை நம்புகிறேன். அதற்கு மேல் யாரையும் நம்பவில்லை. திரை கறுப்பானதைச் செங்கேணி மாமாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். மீன் தப்பித்து வந்திருக்கிறது. அதனோடு ரோடும் மதகும் முகத்துவாரமும் எங்கே எங்கே போயிருக்கிறதோ.

சட்டையை நிவேதாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது. மாமா இல்லை, அவர் இடத்தில் வேறு தலைவர். கற்பூரம் அணைத்த கை என்னுடையது, அதனால் யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நானே சட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் முன்னால் விரிப்பேன். அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டாலும் போவேன்.

படகு யாருது என்று கேட்பார்கள். ஏழுமலையுது என்பேன். படம் யாருது என்று கேட்பார்கள். அதைச் சொல்லக் கம்பெனியிலிருந்து யாராவது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், கங்கையம்மன் கோயில் முன்னால். இந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.